மகள் "ரஷ் போறேன்" என்கிறாள், அனுப்பலாமா?

கோயம்புத்தூரிலிருந்து டாலஸுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் வருகிற ஆகஸ்டில் இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள். விடுதிக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்பே, "அம்மா, நான் ரஷ் போறேன், கிரீக் லைஃப்ல சேரப்போறேன்" என்கிறாள். கிரேக்கம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அவள் அப்பா கேட்டாராம். பிட், பிளெட்ஜ், பிக், லிட்டில் என்று அவள் பேசுவதில் பாதி புரியவில்லை, இதற்கெல்லாம் அனுப்பலாமா கூடாதா அக்கா என்பது உங்கள் கேள்வி.

உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. ஹூஸ்டனில் பல வருடம் குப்பை கொட்டிய பிறகும், என் பெரியவள் இதே வார்த்தையைச் சொன்னபோது "எதுக்குடி அவ்வளவு அவசரம்?" என்றுதான் நானும் கேட்டேன். இந்த ரஷ்ஷில் அவசரம் எதுவும் இல்லை. சொராரிட்டி எனப்படும் பெண்கள் சங்கங்கள் வருடா வருடம் நடத்தும் ஆள் சேர்ப்புக்கு அதுதான் பெயர். ஆண்களுடையது ஃபிரட்டர்னிட்டி. இரண்டையும் சேர்த்துத்தான் கிரீக் லைஃப் என்கிறார்கள். கிரேக்க மொழிக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் பெயர்ப்பலகையோடு சரி. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஃபை பீட்டா கப்பா என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்களுடைய கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெண்களுக்கு 1870-இல் இண்டியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டா வந்தது. சொராரிட்டி என்ற சொல் அப்போது கிடையாது. 1882-இல் சிராக்யூஸில் ஒரு லத்தீன் பேராசிரியர் காமா ஃபை பீட்டா பெண்களுக்காக உண்டாக்கிக் கொடுத்தது அது. லத்தீனில் சொரோர் என்றால் உடன்பிறந்தவள்.

இவர்கள் பேச்சைக் கொஞ்ச நாள் காதில் வாங்கினால் ஒன்று பிடிபடும். பாதி உறவுமுறை, பாதி ஆபீஸ். சிஸ்டர், பிக், லிட்டில், சங்க வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் மாம் எல்லாம் முதல் பாதி. கோட்டா, டியூஸ், பைண்டிங் அக்ரிமென்ட் எல்லாம் இரண்டாம் பாதி. பெண்கள் நம்மிடம் சொல்வது முதல் பாதியை மட்டும்தான். நான் ஏமாந்தது இரண்டாம் பாதியில், அதனால் அதையே கூடுதலாகச் சொல்கிறேன்.

தென் மாநிலங்களில் பெரும்பாலும் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரமே ரஷ் நடந்துவிடும். சில கல்லூரிகளில் ஜனவரிக்குத் தள்ளி வைப்பார்கள். காகிதத்தில் இப்போது இதற்கு ரெக்ரூட்மென்ட் என்று பெயர். சேர வரும் பெண்ணை பி.என்.எம். என்பார்கள், உறுப்பினராகக்கூடியவள் என்று அர்த்தம். பத்து இருபது பெண்களுக்கு ஒரு மூத்த மாணவி வழிகாட்டியாக வருவாள். ஒரு கல்லூரியில் அவள் ரோ காமா, இன்னொன்றில் பை கை. அந்த வாரம் முழுக்கத் தன் சங்கம் எது என்று அவள் வாய் திறக்கக் கூடாது. அதன் எழுத்து போட்ட பனியனைக்கூடப் போடமாட்டாள்.

சங்கத்தையே இங்கே வீடு என்றுதான் சொல்வார்கள். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். கதவு திறந்தால் உள்ளே ஐம்பது அறுபது பெண்கள் அடுக்கடுக்காக நின்று பாட்டுப் பாடிக் கைதட்டுவார்கள். நம் வீட்டுப் பெண் திண்டாடிப்போவாள். இரண்டாவது சுற்று பிலாந்த்ரபி, அந்தச் சங்கத்தின் தர்மகாரியம். டெல்டா டெல்டா டெல்டாவுக்கு செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, டெல்டா காமாவுக்குப் பார்வையற்றோருக்கான சேவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. அப்புறம் சிஸ்டர்ஹுட் சுற்று. கடைசியில் பிரெஃப், அதாவது பிரெஃபரன்ஸ், விருப்பம் சொல்லும் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டு பக்கமும் பட்டியல் கொடுப்பார்கள்: இவளுக்குப் பிடித்த வீடுகள், வீடுகளுக்குப் பிடித்த பெண்கள். மறுநாள் காலை, எந்தெந்த வீடு திரும்பக் கூப்பிட்டிருக்கிறது என்று போனில் வரும்.

மூன்றாம் நாள் காலை என் பெண் கூப்பிட்டாள். விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ரூம்மேட்டுக்குக் கேட்காதபடி பேசுகிறாள். "அம்மா, ரெண்டு வீட்ல என்னை வேண்டாம்னுட்டாங்க." முந்தின நாள்தான் அதே வீட்டில் ஒருத்தி இவள் ஜிமிக்கியைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். அது எப்படி அம்மா என்கிறாள். பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போனவர்கள் பதிலே போடாத கதையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

அந்தக் கணக்கு பின்னால்தான் எனக்குப் புரிந்தது. தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்று 1902-இலிருந்து ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, 26 சங்கங்கள் அதில் உறுப்பினர். எந்த வீடு எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிடலாம் என்பதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு முறை உண்டு. எல்லோரும் ஆசைப்படும் வீடு முதல் சுற்றிலேயே நிறையப் பேரைக் கழித்தாக வேண்டும், ஏனென்றால் கூப்பிட்டவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். கோட்டா என்பது ஒரு வீடு அந்த வருடம் எத்தனை புதுப்பெண்களை எடுக்கலாம் என்ற எண்ணிக்கை. டோட்டல் என்பது வீட்டின் மொத்த அளவு. கடைசிச் சுற்றுவரை வந்த பெண்களை வீடுகளுக்குப் பங்கு போட்டால் கோட்டா ஏறக்குறைய வந்துவிடும். ஆகவே டிராப் ஆனேன் என்று அவள் அழுதால், ஜிமிக்கியில் குறை இல்லை என்று சொல்லுங்கள். அழட்டும், பரவாயில்லை, ஆனால் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கவனமாகப் படியுங்கள். பிரெஃப் இரவில் விளக்கைக் குறைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒருத்தியோடு ஒருத்தி உட்கார்ந்து உருக்கமாகப் பேசுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கையோடு ஒரு ஒப்பந்தம் நீட்டப்படும். தான் சேரச் சம்மதிக்கும் வீடுகளை வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போடவேண்டும். இதுதான் நான் சொன்ன பைண்டிங் அக்ரிமென்ட். இரண்டாவதாக எழுதிய வீடு கிடைத்து, வேண்டாம் என்று விட்டால், அடுத்த வருட ரஷ் வரைக்கும் அந்தக் கல்லூரியில் அந்த 26-இல் வேறு எதிலும் சேர முடியாது. ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுதவும் அனுமதி உண்டு. அது கிடைக்காவிட்டால் வெறுங்கைதான். இப்படி எழுதுவதற்குப் பெண்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் சூசைட். "என் ரூம்மேட் சூசைட் பண்ணிட்டாம்மா" என்று இவள் ராத்திரி பதினொன்றரைக்குச் சொன்னபோது எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போய்விட்டது. அவர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். அந்தச் சொல் வேண்டாம் என்று சங்கங்களே இப்போது சொல்கின்றன, இருந்தாலும் உங்கள் காதில் விழலாம்.

மறுநாள் பிட் டே. நம் ஊர்க் கல்லூரியில் பிட் என்றால் சட்டைக்கையில் செருகிக்கொண்டு போவது. இங்கே பிட் என்றால் சேரச்சொல்லி வரும் அழைப்பு. அலபாமா பல்கலைக்கழகத்தில் பெண்களையெல்லாம் கால்பந்து மைதானத்தில் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் உறையைப் பிரிக்கச் சொல்லி, அங்கிருந்து தங்கள் புது வீட்டுக்கு ஓடவிடுவார்கள். வீடியோவெல்லாம் அதுதான். ரஷ்ஷில் கிடைக்காவிட்டாலும் இடம் காலியுள்ள வீடுகள் பிறகு தனியாகக் கூப்பிடும், அது சி.ஓ.பி.

பிட்டை ஏற்றவள் நியூ மெம்பர். பழைய பெயர் பிளெட்ஜ். சில வாரம் பயிற்சி, அப்புறம் இனிஷியேஷன் என்று ரகசியச் சடங்கு. அதில் என்ன நடந்தது என்று என் பெண் இன்றுவரை சொன்னதில்லை, நானும் விட்டுவிட்டேன். நடுவில் அவளுக்கு ஒரு பிக் வாய்ப்பாள், அதாவது அக்கா. இவள் லிட்டில். அக்காவின் அக்கா கிராண்ட்பிக், பாட்டி முறை! இந்தப் பக்கம் வம்சாவளிப் படமே வரைந்து வைத்திருக்கிறார்கள், நம் பங்காளிகளுக்குக்கூட அப்படி ஒன்று கிடையாது. லெகசி என்றால் அம்மாவோ பாட்டியோ அக்காவோ அதே சங்கத்தில் இருந்திருப்பது. முன்பெல்லாம் அதற்குத் தனிச் சலுகை. சில வருடமாகப் பல சங்கங்கள் எடுத்துவிட்டன. நமக்கு எப்படியும் கிடையாது.

பணத்துக்கு வருகிறேன். டியூஸ் என்பது ஒவ்வொரு பருவமும் கட்டும் சந்தா. முதல் பருவத்தில் புதுச் சேர்க்கைக் கட்டணம், பேட்ஜ் எல்லாம் சேர்ந்து கூடுதலாக இருக்கும். எங்களுக்கு அந்த முதல் பருவம் 2,000 டாலரைத் தாண்டியது. அவள் எங்களிடம் சொல்லியிருந்தது அதில் பாதி. ரசீதில் பார்லர் ஃபீ என்று ஒரு வரி. மாதா மாதம் இவளுக்கு எதற்கு பார்லர் என்று அவர் குதித்தார். சங்க வீட்டில் தங்காதவர்கள் அதன் கூடத்தையும் சமையலறையையும் பயன்படுத்துவதற்குக் கட்டும் தொகை அது. அதைவிடப் பெரிய விஷயம், இரண்டாம் வருடம் அந்த வீட்டில்தான் தங்கவேண்டும் என்று பல இடங்களில் ஒப்பந்தம் உண்டு. அதைப் படிக்காமல் நாங்கள் வெளியே ஒரு அபார்ட்மென்டுக்கு முன்பணம் கட்டி, அது போனதுதான். வாராந்திரக் கூட்டத்துக்குப் பெயர் சாப்டர். கிளைக்கும் அதே பெயர். கூட்டத்துக்குப் போகாவிட்டால் அபராதம் போடும் வீடுகளும் உண்டு. இந்தக் காகிதங்களை எல்லாம் ஜூலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

குடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத்தான் நினைத்திருப்பீர்கள். இந்த 26 சங்கங்களின் வீடுகளில் பொதுவாக மது கூடாது. பார்ட்டி எல்லாம் பையன்களின் ஃபிரட்டர்னிட்டி வீட்டில். அங்கே குடிக்காமல் இருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஒருத்தியை விடுவார்கள், சோபர் சிஸ்டர் என்று பெயர். அந்த முறை ஒழுங்காக நடக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஹேஸிங் என்பது நம் ராகிங்குக்குச் சித்தப்பா மகன். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் கொலையான பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராகிங் கல்லூரிக்குள் நுழையும் யார் மேலும் பாயும். ஹேஸிங், பெரும்பாலும் சங்கத்தில் சேர ஆசைப்படுகிறவள் மேல்தான் பாயும், அவளும் ஆசையினால் வாய் திறக்கமாட்டாள். அவளே சம்மதித்தாள் என்று சொல்லித் தப்பிக்க டெக்சஸ் சட்டத்தில் வழி இல்லை. 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டப்படி எந்த அமைப்பு பிடிபட்டது என்று கல்லூரிகள் வெளியிட்டாகவேண்டும். உங்கள் கல்லூரி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மகளை நம்புவதும் அதைப் படிப்பதும் வேறு வேறு.

இந்த வீடுகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள்தான். என் பெண் சேர்ந்த வருடம் அந்த வீட்டில் இந்திய முகம் இவள் ஒருத்தி. அலபாமாவில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவிடாமல் பழைய உறுப்பினர்கள் தடுத்த கதை, 2013-இல் மாணவர் பத்திரிகை எழுதிய பிறகுதான் வெளியே வந்தது. கறுப்பினப் பெண்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1908-லேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கிவிட்டார்கள். நம் சென்னை சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அதில்தான் சேர்ந்தார். அங்கே ரஷ்ஷும் கிடையாது, பிட் டேயும் கிடையாது. சேர்க்கைக்கு இன்டேக் என்று பெயர், கூடவே சேர்கிறவர்கள் லைன், சேர்ந்துவிட்டால் கிராஸ் பண்ணியாச்சு. ஒருவரை ஒருவர் சொரோர் என்றே கூப்பிடுவார்கள். படிப்பு முடிந்தாலும் விடாது. ஐம்பது வயதிலும் கூட்டத்துக்குப் போவார்கள்.

நம் பெண்களுக்கென்றும் இருக்கிறது. 1998-இல் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, அதே வருடம் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, இரண்டும் தெற்காசியப் பெண்கள் தொடங்கியவை. என் நாத்தனார் மகள் அப்படி ஒன்றில் இருக்கிறாள். அவளுடைய ப்ரொபேட்டுக்கு, அதாவது புதியவர்களை ஊரறிய அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாக நின்று சங்க வரலாற்றை ஒரே மூச்சில் ஒப்புவித்தார்கள். திருக்குறள் போட்டியில் திணறிய பெண் இவள்! செலவு பெரிய வீடுகளைவிடக் குறைவு, வீடும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஆள் கொஞ்சம் என்பதால் வேலை எல்லாம் தலையில் விழும்.

அனுப்பலாமா என்றால், என் பதில் அனுப்பலாம். பெரியவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது அவருக்குத் திடீரென்று பைபாஸ் செய்யவேண்டி வந்தது. இவள் கார் ஓட்டும் நிலையில் இல்லை. அவளுடைய பிக் மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து விட்டாள், திரும்பியும் போகவில்லை. மருத்துவமனை லாபியில் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். தயிர்சாதத்தில் கிடந்த மோர்மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, "இட்ஸ் ஓகே, ஆன்ட்டி" என்றாள். சின்னவளோ ரஷ்ஷில் இரண்டாம் நாளே வெளியே வந்து, "நூறு பேரோட ஒரே பேச்சு, எனக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டாள். அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

பிரெஃப் இரவு மட்டும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு தடவை கூப்பிடச் சொல்லியிருங்கள். அப்புறம், குதிகால் செருப்போடு அந்த வெயிலில் வீடு வீடாக நடக்கவேண்டும். கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் இரண்டு டப்பாவும் ஒரு ஜோடி சாதாரணச் செருப்பும் அவள் பையில் போட்டு அனுப்புங்கள்.