லெலோங் வீடு வாங்கி விற்பது: முதலில் விற்கும் விலையைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்று 120,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) லெலோங், அதாவது ஏலத்துக்கு, வருகிறது. 30,000 வெள்ளி போட்டுச் சரிசெய்து, ஒரே வருடத்தில் 200,000 வெள்ளிக்கு விற்கலாமா?

பதில்: விற்கலாம். ஆனால் 200,000 என்ற விலையை யார் சொன்னது? நம் ஊரில் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனை நம்பியவர்கள். வங்கி உங்கள் புது கிச்சன் கேபினெட்டைப் பார்க்காது, மதிப்பீட்டாளர் தரும் விலையைத்தான் பார்க்கும். அவர் 170,000 என்று எழுதிவிட்டால், குறைந்தது அந்த 30,000 வெள்ளி வித்தியாசத்தை வாங்குபவர் ரொக்கமாகப் போட வேண்டும். அவ்வளவு ரொக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறது? அதனால் ஏலத்துக்கு முன்பே, அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அண்மையில் உண்மையாக விற்ற விலைகளை ஒரு மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள்.

170,000க்கு விற்றால் என்ன மிஞ்சும்? வாங்கிய விலையும் ரிப்பேரும் போக 20,000. முத்திரை வரி 1,400, வக்கீல் செலவு சுமார் 5,000, ஏஜெண்டுக்கு 3 விழுக்காடு என்றால் 5,100. வங்கி வட்டியும் சுமார் 5,000 போய்விட்டால், கையில் நிற்பது 3,500 வெள்ளிதான். ஒரு வருட அலைச்சலுக்கு இது கட்டுமா?

200,000க்கே போனாலும் சொத்து ஆதாய வரி இருக்கிறது. குடிமக்கள் முதல் 3 ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, 4ஆம் ஆண்டு 20, 5ஆம் ஆண்டு 15, அதன் பிறகு இல்லை. ஆதாயத்தில் 10,000 வெள்ளி அல்லது 10 விழுக்காடு, எது அதிகமோ அதற்கு விலக்கு உண்டு. வட்டியை இதில் கழிக்க முடியாது. அடிக்கடி வாங்கி விற்றால் அதை வியாபாரமாகக் கருதி வருமான வரியே கேட்பார்கள்.

லெலோங் வீட்டை உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால் 30,000 என்பதும் ஊகம்தான். வெளியிலிருந்தாவது கூரையையும் கால்வாயையும் பாருங்கள். கதவு நிலையைத் தொட முடிந்தால் விரலால் தட்டுங்கள். பொக்கென்று கேட்டால் கறையான் இருக்கலாம். பணத்தை ஒயரிங், கூரை, தண்ணீர்க் குழாய்க்குப் போடுங்கள், அலங்காரத்துக்கு வேண்டாம்.

அப்புறம் கெரானை (நிலப் பட்டாவை) பாருங்கள். மலாய்க்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய மலாய் ஒதுக்கீட்டு நிலமா, குத்தகை நிலமா? குத்தகை என்றால் பெயர் மாற்ற மாநில அனுமதி வேண்டியிருக்கும், மாதங்கள் ஓடும். பழைய வீட்டுக்காரர் உள்ளேயே இருந்தால் அவரை வெளியேற்றுவதும் உங்கள் பொறுப்பு. ஏலத்தில் கட்டும் 10 விழுக்காடு முன்பணமோ, குறித்த நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் திரும்பாது. ஆகவே கடன் கிடைக்குமா என்பதை வங்கியில் உறுதி செய்துகொண்ட பிறகே ஏலத்துக்குப் போங்கள்.