மாட்டுக்குத் தண்ணீர்: கரையோரக் கேள்விகளும் பதில்களும்

பங்குனி பிறந்தால் நம் ராமநாதபுரம் பக்கம் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: மாட்டுக்குத் தண்ணீருக்கு என்ன செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததை வைத்து அடுத்த ஐப்பசி வரை ஓட்ட வேண்டும். திருப்புல்லாணிக்குத் தெற்கே, உப்புக் காற்று படுகிற இடத்தில் பதினோரு மாடு வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உச்சிப்புளியிலிருந்து: அண்ணே, ஒரு ஜெர்சி கலப்பு, ஒரு நாட்டுமாடு. ஒரு நாளைக்கு எத்தனை குடம் வைக்கணும்?

பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பால் வற்றிய நாட்டுமாட்டுக்கு இரண்டரை, மூன்று குடம். கறவையில் இருக்கும் கலப்பு மாடு கத்திரி வெயிலில் ஐந்து குடம் குடிக்கும், சில நாள் ஆறும் போகும். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் தனியாக வேண்டும். பச்சை இல்லாமல் வைக்கோலே தின்கிற மாடு இன்னும் கூடக் கேட்கும். பால் கறந்த கையோடு ஒரு வாளி வைத்துப் பாருங்கள், அப்போது இழுக்கிற இழுப்பே வேறு.

சாயல்குடியிலிருந்து: போர் தண்ணீர் கரிக்கிறது. மாடு குடிக்கிறது. கொடுக்கலாமா?

நம் நாக்குக்குக் கரித்தால் மாட்டுக்கும் ஆகாது என்று இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 3000 வரை காட்டினால் பயப்பட வேண்டாம். 5000 வரை குடிக்கும், ஆனால் பழகும்வரை சில நாள் கழிச்சல் இருக்கும். அதற்கு மேல் போனால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கன்றுக்கும் வைக்காதீர்கள். 7000 தாண்டினால் எந்த மாட்டுக்கும் வேண்டாம். தை மாதம் பார்த்த கணக்கை வைகாசியில் நம்பாதீர்கள், அதே போர்தான், தண்ணீர் வேறு. லாரித் தண்ணீர் வாங்கினால் பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள், காசும் மிச்சம். கரிக்கிற தண்ணீர் குடிக்கும் மாட்டுக்குத் தவிட்டில் வேறு உப்பு போடுகிறார்கள். அதை முதலில் நிறுத்துங்கள்.

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து: மணல் மேட்டு ஊற்றை ஆழப்படுத்தி மோட்டார் போட்டேன். நல்ல தண்ணீராக இருந்தது, இப்போது ஒரே உப்பு. இன்னும் ஆழம் போகவா?

ஐயோ, வேண்டாம். நானும் ஒரு வருஷம் இதே வேலையைச் செய்தவன்தான். ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். எட்டாம் நாள் என் செவலைப் பசு வாளியில் மூக்கை வைத்து, தலையை ஆட்டி, திரும்பிக்கொண்டது. வாயில் விட்டுப் பார்த்தால் கடல்.

நம் மணலுக்கடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. எடை குறைவு, அதனால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு திரும்பவும் அடிக்கும். மேலே ஒரு அடியை மோட்டார் உறிஞ்சினால், அடியில் இருக்கும் உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். ஆழமாகப் போகப் போக நீங்கள்தான் உப்பைத் தேடிப் போகிறீர்கள்.

நம் வீட்டுப் பெண்கள் சிரட்டையால் வழித்து எடுத்தது வேறு கருவி இல்லாததால் அல்ல, விஷயம் தெரிந்துதான். என்னிடம் இப்போது மூன்று ஊற்று, எதுவும் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லை. விடியற்காலையில் முதல் ஊற்றில் இரண்டு குடம் எடுப்பதற்குள் கலங்கிவிடும், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். மூன்றாவதை முடித்துத் திரும்பும்போது முதல் ஊற்றில் மணலைச் சுற்றிக் கசிந்து, கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். வேலை கூடுதல்தான், இடுப்பு வலிக்கும். ஆனால் ஆனி வரை கை கொடுக்கிறது. உங்கள் குழியை மூடிவிட்டு, கடலுக்கு எதிர்ப்பக்கமாக மேட்டில் தள்ளித் தோண்டுங்கள். பழைய இடம் நல்ல மழை கண்டால் திரும்பும்.

தேவிபட்டினத்திலிருந்து: கல்யாணத்துக்குப் போய் மறுநாள் வந்தோம். தொட்டி காய்ந்து கிடந்தது. கன்று ஒரே மூச்சில் குடித்தது, கொஞ்ச நேரத்தில் தள்ளாடி, மூத்திரம் சிவப்பாகப் போனது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறாள் அம்மா.

கண்ணும் இல்லை, செய்வினையும் இல்லை தங்கச்சி. காய்ந்து கிடந்த உடம்பில் ஒரேயடியாகத் தண்ணீர் ஏறினால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஊதி உடையும், அதுதான் மூத்திரத்தில் வந்த சிவப்பு. மூளையும் வீங்கும், அதனால்தான் தள்ளாட்டம். இப்படி ஆனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள். இனிமேல் தாகத்தோடு வரும் கன்றுக்கு முதலில் ஒரு செம்பு, அரை மணி கழித்து இன்னொரு செம்பு. பெரிய மாட்டுக்கு இரண்டு இரண்டு லிட்டராக. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அது முட்டத்தான் செய்யும்.

தொண்டியிலிருந்து: சீமைக்கருவேலங்காய் மட்டும் தின்று மாடு உயிரோடு இருக்குமா?

கொஞ்ச நாள் இருக்கும். பழுத்த காய் இனிப்பு, மாட்டுக்கு உசிர். அதையே மாதக்கணக்கில் தின்றால் தாடை இழுத்துக்கொள்ளும், அசை போட முடியாது. தீவனத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். இடித்துப் போட்டால் சாணியில் விதை முளைத்து ஊர் முழுக்கப் பரவாது.

மண்டபத்திலிருந்து: மொட்டை மாடிக் கறுப்பு டேங்கிலிருந்து குழாய் இழுத்து வைக்கலாமா?

மத்தியானம் அதில் கை வைத்துப் பாருங்கள். வெந்நீர். காலையிலேயே பிடித்து, வேப்பமர நிழலில் சிமெண்டுத் தொட்டியில் வையுங்கள். உள்ளே பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்தால் பாசி ஏறாது.

முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா: நாலு மாடு, தண்ணீர் இரண்டுக்குத்தான். விற்றுவிடவா?

விற்பதென்றால் இந்த வாரமே விற்றுவிடுங்கள் அக்கா. சித்திரை பிறந்தால் சந்தையில் எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வியாபாரி சொன்னதுதான் விலை. பால் வற்றி, சினை பிடிக்காமல் நிற்கிற மாட்டை முதலில் அனுப்புங்கள். சினைக் கிடேரியை மட்டும் கை விடாதீர்கள். அதற்கு இப்போதைக்கு மூன்று குடம் போதும், ஐப்பசியில் கன்று போடும்.