மார்கழி முதல் சித்திரை வரை: பிள்ளைகளோடு சென்னையில் எங்கே போகலாம்?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்து வேளச்சேரியில் குடியேறினோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஊரில் இருந்தவரை வாய்க்கால், தோட்டம், ஆச்சி வீடு என்று பொழுது போய்விடும். இங்கே ஞாயிற்றுக்கிழமை வந்தால் மால், இல்லாவிட்டால் செல்போன். கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. வரும் மாதங்களில் பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொள்ளும்படி, கையைக் கடிக்காத செலவில், குடும்பமாகப் போய்வர என்னென்ன நிகழ்ச்சிகள் இருக்கின்றன? எப்படித் திட்டமிடுவது?

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மழை ஓய்ந்து வெயில் ஏறும்வரை உள்ள நான்கு மாதங்கள்தான் சென்னையில் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போக உகந்த காலம். நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. அத்தனைக்கும் போக நினைப்பதில்தான் சிக்கல் வரும். பிள்ளைகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவரும் அனுபவத்தில் நான் பெற்றோரிடம் சொல்வது இதுதான்: ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதும், “அங்கே என் பிள்ளைக்கு என்ன வேலை?” என்று கேளுங்கள். எண்ணுவது, வரைவது, தேர்ந்தெடுப்பது, யாரிடமாவது ஒரு கேள்வி கேட்பது என்று ஏதாவது ஒரு வேலை இருந்தால் போங்கள். வேடிக்கை மட்டும் என்றால், மாலுக்குப் போவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாதத்துக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி போதும். மற்ற ஞாயிறுகளில் பழகிய ஒரே இடத்துக்கே போய்வாருங்கள்.

அந்தப் பழகிய இடமாக உங்களுக்கு நான் சொல்வது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். 2010இல் திறந்த நூலகம், ஒன்பது தளங்கள். பிள்ளைகளுக்கு முதல் தளம். நடுவில் பெரிய செயற்கை மரம் ஒன்று நிற்கும். அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம், படுத்துக்கொண்டும் படிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஞாயிறும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. வார இறுதிகளில் கதைசொல்லல், கைவினை என்று ஏதாவது நடக்கும். அந்த வாரம் என்ன என்பதை அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தடவை உங்கள் மகன் ஓடிக்கொண்டேதான் இருப்பான். மூன்றாவது தடவை போன வாரம் விட்ட புத்தகத்தைத் தேடுவான். அதுவரை பொறுங்கள்.

இனி பெரிய நிகழ்ச்சிகள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் செய்திக்கு நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியும், அடையாறு டைம்ஸ், மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளும் இன்றும் உதவுகின்றன. அவை ஆன்லைனிலும் கிடைக்கும்.

டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரி முதல் வாரத்தில் தொடங்குவது சென்னை புத்தகக் காட்சி. பபாசி என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அந்தப் பதிப்பாளர்–விற்பனையாளர் சங்கம் 1977 முதல் நடத்திவருகிறது. சமீப ஆண்டுகளாக நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கிறது. நந்தனம் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிறு மாலை மட்டும் போகவே போகாதீர்கள். கூட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் இடுப்பும் பையும்தான். விடுமுறை நாட்களில் காலை 11 மணிக்கே திறப்பது வழக்கம். திறந்ததும் உள்ளே நுழைந்து, ஒரு மணிக்குள் சாப்பிட வெளியே வந்துவிடுங்கள்.

அங்கே பிள்ளைகளின் வேலை, தங்கள் புத்தகத்தைத் தாங்களே வாங்குவது. ஆளுக்கு முந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்துவிடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், தூலிகா ஆகிய அரங்குகளில் அந்தப் பணத்துக்கு நல்ல படப்புத்தகங்களே கிடைக்கும். பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு; தள்ளுபடி போக எவ்வளவு என்று மகள் கணக்குப் போடட்டும். எடுத்த புத்தகத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பாள், மறுபடி பழையதற்கே வருவாள். அந்தத் தடுமாற்றம் முடியும்வரை பக்கத்தில் சும்மா நில்லுங்கள். “இது வேண்டாம், அதை எடு” என்று நாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் புத்தகம் நம்முடையதாகிவிடும். இன்னொன்று: உள்ளே நுழையும் முன் உங்கள் செல்போன் எண்ணைப் பேனாவால் மகனின் முன்கையில் எழுதிவிடுங்கள்.

ஜனவரி முதல் பாதியில் மயிலாப்பூர் விழா. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடக்கும். இதற்கும் பறக்கும் ரயில்தான், திருமயிலையில் இறங்க வேண்டும். வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி வைப்பார்கள். பல்லாங்குழி, தாயம் போட்டிகளும் உண்டு. மகளுக்குக் கோலம் வருமானால் மார்கழி முழுவதும் வாசலில் பழகவிடுங்கள். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை சந்துப்புள்ளி வைக்கச் சொல்லி, மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணாமல் சொல்ல முடிகிறதா பாருங்கள். நடுவரிசை 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. ஆக, 37. நான்காம் வகுப்புப் பிள்ளை கோலப்பொடியும் கையுமாக இந்தக் கணக்கைத் தானே கண்டுபிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் வேறு எதிலும் வருவதில்லை.

பொங்கல் நாட்களில் அரசு நடத்தும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ நகரின் பல பூங்காக்களிலும் மைதானங்களிலும் மாலை நேரத்தில் நடக்கும், இலவசம். பறை, கரகம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடமாகப் பார்த்து, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். சூடேற ஏறத் தோல் விறைக்கும், ஓசை மாறும். காய்ச்சும் முன் ஒரு தட்டு, காய்ச்சிய பின் ஒரு தட்டு. மகனை அந்த இரண்டு ஓசையையும் கேட்க வையுங்கள். கலைஞர்களிடம் மரியாதையாகக் கேட்டால் அவனையும் ஒரு அடி அடிக்க விடுவார்கள். ஆனால் காணும் பொங்கல் அன்று மெரினா, கிண்டி சிறுவர் பூங்கா பக்கம் போகாதீர்கள். பிள்ளைகள் தொலைந்துவிடுவார்கள் என்று போலீசாரே மெரினாவில் கையில் அடையாளப் பட்டை கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம் இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே நாட்களில்தான் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. எந்த ஊரிலும் செய்யலாம், மொட்டைமாடியிலேயே செய்யலாம். முறை எளிது: ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளை எல்லாம் இனம்வாரியாக எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காகம் 11, மைனா 4, மடையான் 1, தவிட்டுக்குருவி 7 என்று மகள் நோட்டில் எழுதட்டும். “காக்காவை எல்லாமா எண்ணணும்?” என்று கேட்பாள். எண்ணத்தான் வேண்டும். இன்று சாதாரணமாகத் தெரிகிற பறவை நாளை குறைந்தால், இந்தக் கணக்கு இருந்தால்தான் அது தெரியவரும். பைனாகுலர் கட்டாயமில்லை. ஊரில் இருந்தால் ஒரு காலைப்பொழுது கூந்தன்குளம் போய்வாருங்கள். வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும் கிராமம் அது. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, அவற்றைத் தொந்தரவு செய்யாமல் காத்துவரும் மக்கள். அவர்களோடு பேசும் அரைமணி நேரம் பத்து பாடப்புத்தகத்துக்குச் சமம்.

சென்னை திரும்பிய பிறகும் பறவைகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது, 1,247 ஹெக்டேர். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான் போன்றவற்றையும் பார்க்கலாம். காலை ஆறரை மணிக்கு அங்குள்ள சூழல் பூங்காவில் இருந்தால் எட்டரைக்குள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடலாம். மகனுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: முக்குளிப்பான் தண்ணீருக்குள் மூழ்கியதும் எண்ணத் தொடங்க வேண்டும், வெளியே வந்ததும் நிறுத்த வேண்டும். எங்கே முங்கியது, எங்கே எழுந்தது என்று பார்த்தபடி அரைமணி நேரம் அசையாமல் நிற்பான். சதுப்புநிலத்தை ஒட்டிப் பெருங்குடிக் குப்பைமேடு இருப்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். வேளச்சேரியில் மழைக்குத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்கள்தானே அவர்கள். முன்பு அந்தத் தண்ணீரைத் தாங்கிய இடம் எப்படிச் சுருங்கியது என்பது அவர்களுக்கு எளிதாகப் புரியும். பிப்ரவரி நடுவில் உலக அளவில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று வரும். அதற்குள் மகள் ஓரளவு தேறிவிடுவாள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928இல் அந்த நாளில்தான் ராமன் விளைவு அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி அறிவியல் நிறுவனங்கள் சில மாணவர்களை உள்ளே அனுமதிக்கும். ஆனால் உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு நான் அவசரப்பட மாட்டேன். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கில் ஒரு தமிழ்க் காட்சி போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தையும் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். வெண்கலச் சிலைக் கூடம் மட்டும் போதும். ஒரே ஒரு சிலைக்கு முன் உட்கார்ந்து மகள் அதை வரையட்டும்.

அப்புறம், கடலாமை. இதைப் பற்றித்தான் பெற்றோர் என்னிடம் அதிகம் விசாரிக்கிறார்கள். பங்குனி ஆமை என்ற வகைக் கடலாமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். குறிப்பிட்ட இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அது நள்ளிரவு வாக்கில் கிளம்பி விடியும்வரை மணலில் ஏழு கிலோமீட்டர் நடக்கும் வேலை. ஆமையைப் பார்ப்போம் என்ற உத்தரவாதமும் கிடையாது. தூங்கிப்போன ஏழு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி வழி நடந்த ஓர் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. உங்கள் மகள் இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் போகட்டும்.

இப்போதைக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போங்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். என்றைக்குக் குஞ்சு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அன்றன்று விசாரித்துத்தான் போக வேண்டும். தீப்பெட்டி அளவுக் குஞ்சு துடுப்பை மணலில் ஊன்றி ஊன்றி நகரும். அலை வந்து பின்னுக்குத் தள்ளும், மறுபடி கிளம்பும். தொடக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது, செல்போன் பிளாஷ் கூடவே கூடாது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய்விடும். இந்தக் காலத்தில் கரையில் இறந்த ஆமையைப் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பிள்ளைகளின் கண்ணை மூடாதீர்கள். ஆமை தண்ணீரில் இருந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்கிறது, வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிப்போகும் என்று உள்ளபடியே சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

சித்திரையில் வெயில் ஏறிவிடும், வெளியே சுற்ற முடியாது. அதற்கென்றே ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறேன்: நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நண்பகலில் பக்கவாட்டு நிழல் விழாது. சென்னைக்கு அது ஏப்ரல் 24 வாக்கில், பகல் 12.07 சுமாருக்கு வரும். உங்கள் குடும்பத்துக்கு இதில் தனி வசதி ஒன்று உண்டு. திருநெல்வேலியில் அது ஏப்ரல் 12 வாக்கிலேயே, பகல் 12.20 சுமாருக்கு வந்துவிடும். அன்று ஆச்சி வீட்டு முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டுவைத்து நிழலைப் பார்த்து ஆச்சி போனில் சொல்லட்டும். அதே நாள் 12.10க்கு வேளச்சேரி மொட்டைமாடியில் அதே அளவு குச்சியின் நிழலை மகள் ஸ்கேலால் அளக்கட்டும். ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் இருக்கும். அடுத்த பன்னிரண்டு நாளும் அளந்து காலண்டரில் எழுதி வரச் சொல்லுங்கள். நிழல் குறைந்துகொண்டே வரும். தரை சுடும், மகனுக்குச் செருப்பு மாட்டிவிடுங்கள். 24ஆம் தேதி அவன் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன் நிழலைத் தேடட்டும். கிடைக்கவில்லை என்றதும் ஆச்சிக்குப் போன் போடுவான்.