ஃபைலில் இல்லாத அண்ணன் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நீங்கள் சொன்னீர்கள் என்று ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்’ ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தேன். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பெண் தன்னைப் பெற்ற அம்மாவைக் கண்டுபிடித்து, வளர்த்த அப்பா அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த அமெரிக்க அம்மாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவ்வளவு பாசமாக வளர்த்தவர்களுக்கு இது தேவையா? கண்டுபிடித்த பிறகும் அந்தப் பெண் நிம்மதியாக இல்லையே, பிறகு எதற்குத் தேட வேண்டும்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மகள் ஐந்து வயதில் தத்து மூலம் எங்களிடம் வந்தாள். இப்போது பத்து வயது. எப்போதாவது, “எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், தோளில் தூக்கிக்கிட்டுப் போவான்” என்பாள். எங்களிடம் இருக்கும் ஃபைலில் அண்ணன் என்று யாரும் இல்லை. கனவாக இருக்கும்டா என்று சொல்லிவிடுவேன். நாளைக்கு அவளும் தேடிப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான், ‘கனவாக இருக்கும்டா’ என்பது. அதற்கு வருகிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. நம் ஊரில் இந்த மாதிரி கதை எதைப் பார்த்தாலும் உடனே பெற்றவளா வளர்த்தவளா என்று பட்டிமன்றம் போட்டுவிடுகிறோம், நீங்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள், ஒருத்திக்காக மனம் இளகினால் இன்னொருத்தியைக் குறை சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. ஆனால் அந்தப் படத்தில் இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது. காகிதம் எழுதிய கை. அதை விட்டுவிட்டால், படத்தில் வரும் அந்தப் பெண்ணும் அதை இயக்கியவருமான டீயான் போர்ஷே லீம் எதற்காக அந்தப் படத்தை எடுத்தார் என்பதே பிடிபடாது.

நடந்ததைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பம், கொரியாவில் ஓர் அநாதை இல்லத்தில் இருக்கும் சா ஜங் ஹீ என்ற சிறுமிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறது, அப்புறம் அவளையே தத்தெடுத்துக்கொள்ள முடிவு செய்கிறது. அதற்குள் அந்தச் சிறுமியின் அப்பா வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார். இல்லத்தில் என்ன செய்தார்கள்? காங் ஓக் ஜின் என்ற வேறு ஒரு பிள்ளையை சா ஜங் ஹீ என்ற பெயரிலேயே 1966-ல் விமானம் ஏற்றிவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை. நீ யாரென்று யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொல்லியும் அனுப்பினார்கள். ஆங்கிலம் ஓரளவு வந்ததும் அந்தப் பிள்ளை புது அம்மாவிடம் போய், நான் அவள் இல்லை, எனக்கு அம்மா இருக்கிறாள், கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னாள். அந்த அம்மா ஃபைலைப் பார்த்தார், அதில் அப்பா போரில் இறந்தார், அம்மா பிரசவத்தில் இறந்தார் என்று அச்சடித்த மாதிரி இருந்தது, கனவு கண்டிருப்பாய் கண்ணே என்று ஆறுதல் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் அவர் கைக்கு வந்த காகிதத்தில் இருந்தது. கொஞ்ச காலத்தில் அந்தப் பிள்ளைக்குக் கொரிய மொழியும் மறந்தது, அம்மா முகமும் மறந்தது, கனவுதான் போல என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

வளர்ந்து பெரியவளான பிறகு அதே ஃபைலை எடுத்துப் பார்க்கிறாள். உள்ளே இரண்டு புகைப்படங்கள், இரண்டிலும் சா ஜங் ஹீ என்றே பெயர், ஆனால் இருப்பது இரண்டு வெவ்வேறு சிறுமிகள், அதில் ஒருத்தி இவள். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். இல்லத்துக்குக் கடிதம் போடுகிறாள், அண்ணனிடமிருந்து பதில் வருகிறது, உன் பெயர் அது இல்லை, காங் ஓக் ஜின் என்று.

இதில் வளர்த்தவர்களுக்குச் செய்த துரோகம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். கொரியாவில் குன்சான் என்ற ஊரில் அந்த அறையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருக்கும்போது, தான் பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு அந்தத் தாய்க்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் அம்மா மகள் முகத்தையும் மகள் மொழிபெயர்ப்பாளர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத்தான் நீங்கள் ‘நிம்மதியாக இல்லை’ என்கிறீர்கள். எப்படி இருக்க முடியும்? தன் மனதில் இரண்டு அம்மாக்களுக்கு இடமில்லாமல் போனதை டீயானே படத்தில் சொல்கிறார். அந்த நெருக்கடியை உண்டாக்கியது தேடல் இல்லை.

இது ஒரே ஒரு இல்லத்தில் நடந்த தவறு என்றும் நினைக்காதீர்கள். கொரியப் போர் முடிந்ததிலிருந்து சுமார் 2,00,000 பிள்ளைகள் வெளிநாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். போர்க்கால அநாதைகள் என்று ஆரம்பித்த விஷயம், நாடு பணக்கார நாடாகிக்கொண்டிருந்தபோதுதான் உச்சத்துக்குப் போனது, 1985-ல் மட்டும் 8,800-க்கு மேல். அநாதையாக இருந்தால்தான் அமெரிக்க விசா கிடைக்கும் என்பதால், அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைக்கும் தனியாக ஒரு குடும்பப் பதிவேடு போட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இருப்பது அந்தப் பிள்ளை ஒன்று மட்டும்தான். கைக்குழந்தைக்கு அதுவே குடும்பத் தலைவர்.

எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று உண்டு. 1983-ல் கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் நிகழ்ச்சியை 138 நாட்கள் ஒளிபரப்பியது, மொத்தம் 453 மணி நேரம். பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நிலைய வாசலில் நின்றார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன, நாடே உட்கார்ந்து அழுதது. அதே வருடம், அதே ஊர் விமான நிலையத்திலிருந்து புதிதாகப் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்கள் பெற்ற பிள்ளைகள். அவர்களுக்காக அட்டை பிடிக்க அந்த அம்மாக்களால் முடியாது, வீட்டுக்குத் தெரிந்தால் வாழ்க்கையே போய்விடும்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தேடி வருகிற பிள்ளை விண்ணப்பம் கொடுத்தால் அரசு மையம் பெற்றவருக்குக் கடிதம் அனுப்பும், அவர் சம்மதித்தால்தான் விவரம் தருவார்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் நாற்பது வருடம் மறைத்து வைத்த ஒரு பெண், வீட்டு வாசலில் பதிவுத் தபாலை வாங்கும்போது என்ன செய்வாள்? பதில் போடாமல் விட்டுவிடுவாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கம் காத்திருப்பவருக்கு அம்மா மறுத்தாளா, கடிதமே போய்ச் சேரவில்லையா என்றுகூடத் தெரியாமல் போகும். 2020-ல், வெளிநாட்டுக்குத் தத்துப் போயிருந்த ஒரு பெண் டிஎன்ஏ பரிசோதனையைக் காட்டி சியோல் நீதிமன்றத்தில் ஒருவரைத் தன் அப்பா என்று தீர்ப்பு வாங்கினார். சொத்துக்காக இல்லை, அம்மா யார் என்று அவரிடம் கேட்பதற்காக.

கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்கு 11 நாடுகளிலிருந்து 367 பேர் மனு கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் முதல் கட்டமாக 56 பேர் விஷயத்தில் மனித உரிமை மீறல் நடந்தது என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆள் மாற்றி அனுப்பியது, பெற்றோர் இருந்தும் அநாதை என்று எழுதியது எல்லாம் அதில் வருகிறது. அக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். டீயான் தன் அம்மாவிடம் ‘நான் அவள் இல்லை’ என்று சொல்லி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சரி, உங்கள் மகள். தத்தெடுப்பே தப்பு என்றோ, உங்கள் ஃபைல் பொய் என்றோ நான் சொல்லவில்லை. நேர்மையாக எழுதிய ஃபைலிலும் விடுபட்டுப் போனவை இருக்கும். அந்த அண்ணன் பெரியப்பா மகனாகவோ, இல்லத்தில் கூட இருந்த பெரிய பையனாகவோகூட இருக்கலாம். ஆனால் தோளில் உட்கார்ந்து போனது அவளுக்கு நினைவிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் நன்றாக நினைவிருக்கும். இனிமேல் கனவு என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. அண்ணன் எப்படி இருப்பான், எங்கே கூட்டிக்கொண்டு போவான் என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், ஏனென்றால் பதினைந்து வயதில் இதில் பாதி அவளுக்கே ஞாபகம் இருக்காது.

நம் தத்தெடுப்பு விதிகளிலும் வேர் தேடுவதற்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. 18 வயது ஆகிவிட்டால் அவளே கேட்கலாம், அதற்கு முன்னால் என்றால் நீங்களும் அவளும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் பயப்படுகிற தேடலைச் சட்டமே உங்களையும் சேர்த்துக்கொண்டுதான் செய்யச் சொல்கிறது. அது வரைக்கும் ஃபைலில் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொலையக் கூடாது. இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயா யாராவது இன்னும் வேலையில் இருந்தால் சீக்கிரம் போய்ப் பேசுங்கள், எழுத்தில் இல்லாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

டீயான் 2010-ல் இன்னொரு படம் எடுத்தார், ‘இன் தி மேட்டர் ஆஃப் சா ஜங் ஹீ’. யார் பெயரில் தான் அமெரிக்கா போனாரோ அந்தப் பெண்ணைத் தேடிப் போகும் படம். மகள் கொஞ்சம் பெரியவளானதும் இரண்டையும் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா