செம்மண் தடத்தில் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டுக் கண்மாய்க்கரைகளிலும் சரளைப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளில் ஐந்து இந்த இதழில்.

பதினாலு வயது மகளோடு காரைக்குடி வருகிறோம். லாரி, பஸ் தொல்லை இல்லாமல் பழைய ஊர்களைப் பார்த்தபடி ஒரு நாள் சைக்கிளில் சுற்ற வழி உண்டா? போனில் வழி கேட்டால் நெடுஞ்சாலையையே காட்டுகிறது.
– வாசகி, மதுரை

உண்டு. ஆனால் அம்புக்குறி போட்ட சைக்கிள் பாதையைத் தேடாதீர்கள். இங்கே இருப்பவை கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, ஊராட்சிச் சரளை ரோடு. இந்த மூன்றையும் நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும்.

போனில் வழி கேட்பதை விட்டுவிட்டு செயற்கைக்கோள் படத்தைத் திறங்கள். இந்தச் சீமை வடமேற்கே உயர்ந்து தென்கிழக்கே கடல் பக்கம் சரிகிறது. அதனால் கண்மாய்களின் கரை பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும் அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்த வாய்க்காலை ஒட்டி ஆடுமாடு போகிற தடம் ஒன்று அநேகமாக இருக்கும். ஒரு கரையைப் பிடித்துவிட்டால் கலுங்கு, வாய்க்கால், அடுத்த கரை என்று நாலைந்து கிலோமீட்டர் தார் ரோட்டைத் தொடாமலே போய்விடலாம்.

படத்தில் தெரிகிற தடம் தரையிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே மழைக்காலத்தில் சீமைக்கருவேலம் மூடிவிடும். எதிரில் வருபவரிடம் "இந்த வழி எங்கே போகுது?" என்று கேட்டால் ரோட்டு வழியைத்தான் சொல்வார். "கரை மேல டூவீலர் போகுமாண்ணே?" என்று கேளுங்கள். போகும் என்றால் சைக்கிளும் போகும். "ஆடு மாடு போகும்" என்று இழுத்தால் முள் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பிவிடுங்கள்.

கானாடுகாத்தானில் தொடங்குங்கள். அங்கிருந்து ஆத்தங்குடி சுமார் 10 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பி, மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் என்று மெதுவாகப் போனாலும் ஏழரைக்குள் சேர்ந்துவிடலாம். கிளம்பும் முன் கானாடுகாத்தான் தெருக்களையே ஒரு சுற்று வாருங்கள். ஒரு தெருவில் வாசல் வைத்த வீடு அடுத்த தெருவில்தான் முடியும். நேர்கோட்டில் ஓடும் தெருக்கள், இருபுறமும் நெட்டை மதில்கள். காலையில் அங்கே வண்டியே வராது.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை திறந்திருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கும். அதன் முதுகில் மணலும் சிமெண்டும் வைத்து அழுத்துவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகும். கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போதே முகத்தில் பளபளப்பு வந்துவிடும்.

ஆத்தங்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று நீட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வருபவர்கள் உண்டு. வளைவுகளோடு மொத்தம் 40 கிலோமீட்டர் பக்கம் வரும். ஆனால் குன்றக்குடிக்குப் பிறகு மிச்சம் இருப்பது பஸ் ரோடுதான். மகளோடு என்றால் ஆத்தங்குடியிலேயே திரும்பி வேறு கரை வழியாக வாருங்கள் என்பதே எங்கள் யோசனை. வழியில் திருச்சி–ராமேசுவரம் நெடுஞ்சாலையைக் கடக்க நேரலாம். விலக்கில் இறங்கி உருட்டிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

சரளைக்கென்றே 40 மி.மீ. டயர் போட்ட சைக்கிள் வாங்கினேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரே நாளில் மூன்று பஞ்சர். புது டியூப் போட்டும் பத்து நிமிடத்தில் காற்று போனது. டயர் மட்டமா?
– வாசகர், கோவை

டயர் மேல் பழி போடாதீர்கள். சீமைக்கருவேல முள் உள்ளே இறங்கியதும் நுனி மட்டும் ஒடிந்து டயருக்குள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலால் தடவினாலும் பல நேரம் சிக்காது, சிக்கினால் விரல் கிழியும். பழைய பனியன் துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் இழுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. டியூப்பைக் கழற்றும்போது வால்வு இருந்த இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால், டியூப்பில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் தேட வேண்டிய இடத்தையும் கண்டுபிடிக்கலாம். குத்தூசியால் உள்ளிருந்து வெளியே தள்ளி, மறுபக்கம் இடுக்கியால் இழுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் அதே இடத்தில்தான் ஓட்டை விழும்.

நெருஞ்சி வேறு மாதிரி. மழை ஓய்ந்து செடி காய்ந்த பிறகு தடத்தோரம் உதிர்ந்து கிடக்கும். ஒரு முறை ஏறினால் ஐந்தாறு காய் சேர்ந்தே ஒட்டும், ஓட்டையும் ஐந்தாறு. இடைவேளைக்கு நிற்கும்போதெல்லாம் டயரை ஒரு சுற்று சுற்றிக் காய்களைப் பிடுங்குங்கள். சைக்கிளை வேலியோரம் சாய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். பாதிப் பஞ்சர் ஓடும்போது வருவதில்லை, நிறுத்தும் இடத்தில்தான் வருகிறது.

நிரந்தர வழி டியூப்லெஸ். 40 மி.மீ. டயருக்கு ஒரு சக்கரத்தில் 60 முதல் 80 மில்லி சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து தோலாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். டியூப்லெஸ் டயரில் பெரிய முள் ஏறி, காற்றும் இறங்காமல் இருந்தால் வழியில் பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து பிடுங்கி, அந்த ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்துங்கள். சீலண்ட் ஓடிவந்து அடைக்கும். டியூப்தான் என்றால் பழைய டியூப்பை நீளவாக்கில் அறுத்து டயருக்கும் புது டியூப்புக்கும் நடுவே பட்டையாகப் போடலாம். எடை கூடும், ஆனால் நெருஞ்சிக்கு நன்றாகவே தாங்கும்.

காற்று: 70 கிலோ எடை உள்ளவருக்கு டியூப்லெஸ்ஸில் முன்னால் 32, பின்னால் 36 பி.எஸ்.ஐ. டியூப் என்றால் 5 கூட்டுங்கள். குறைத்தால் செம்புராங்கல் விளிம்பில் ரிம் இடித்து டியூப்பில் பாம்பு கொத்தியது போல இரட்டை ஓட்டை விழும். 50-க்கு மேல் ஏற்றினால் சரளையில் சைக்கிள் துள்ளும், வளைவில் வழுக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் டியூப்பில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் அதற்கான அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான். அது இல்லாமல் ஊர்க்கடைப் பம்பு உங்களுக்கு உதவாது.

என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய 28 இஞ்ச் சைக்கிள். இதற்கெல்லாம் தனி சைக்கிள் வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், சிவகங்கை

வேண்டாம். அந்த 28 × 1½ டயரின் அகலம் ஏறக்குறைய 40 மி.மீ. கோவை வாசகர் பணம் கொடுத்து வாங்கிய அதே அகலம்! தரையும் பெரும்பாலும் மட்டம்தான். கரை ஏறும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். ஃப்ரீவீலில் 18 பல் இருந்தால் 20 அல்லது 22 பல் போட்டுக்கொள்ளுங்கள். 22 போட்டால் செயின் எட்டாமல் போகலாம், கடைக்காரரிடம் சொல்லி நீளம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது பிரேக். கம்பி பிரேக் கட்டை ஈரமான இரும்பு ரிம்மில் பிடிக்காது. கலுங்கில் தண்ணீரைக் கடந்தால் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் போய் ரிம்மைக் காயவிட்ட பிறகு வேகம் எடுங்கள். கிளம்பும் முன் ரிம் கோட்டம் எடுத்து, ஸ்போக்ஸ் கம்பிகளையும் முறுக்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வரலாம்?
– வாசகர், சென்னை

தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கண்மாயை நிரப்பும். தண்ணீரும் பறவையும் பார்க்க மார்கழியே நல்லது, ஆனால் கரை ஈரமாக இருக்கும். ஈரச் செம்மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். சித்திரையில் வருவது வீம்பு.

தையில் இரண்டு எச்சரிக்கை. தைப்பூசத்துக்கு முன் பழனிக்கு நடப்பவர்களும் நகரத்தார் காவடிகளும் குன்றக்குடிப் பக்கத்து ரோடுகளை நிறைத்திருப்பார்கள். அந்த நாட்களில் அந்தப் பக்கம் சைக்கிள் வேண்டாம். அடுத்தது மஞ்சுவிரட்டு. தை 3-ஆம் நாள் சிராவயலில் நடப்பது ஊரறிந்தது. மாசியிலும் பல ஊர்களில் உண்டு. வாடிவாசலில் விடும் மாடுகளோடு கண்மாய்ப் பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடுகளும் இருக்கும். அவை எந்தக் கரையில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. தேநீர்க் கடையில் "இன்னிக்கு எங்கேயாவது மஞ்சுவிரட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரணியில் இறங்கி முகம் கழுவலாமா? கரையில் ஓட்ட யாராவது ஆட்சேபிப்பார்களா?
– வாசகி, தேவகோட்டை

ஊரணி குடிதண்ணீருக்காக வெட்டியது. இன்றும் சில ஊர்களில் குடம் எடுக்கிறார்கள். செருப்போடு படியில் இறங்கக் கூடாது, சைக்கிள் கழுவவே கூடாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

காய்ந்த கரையில் ஓட்டினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் ஓட்டினால் ஏசுவார்கள், ஏசுவது நியாயம்தான். ஈர மண்ணில் டயர் போட்ட பள்ளத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் இறங்கிக் கரையை அரிக்கும். மடைக்கு மேலே மண் எப்போதும் இளகலாக இருக்கும். அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள்.