ஆர்கானிக் பனியன்: கூடுதல் விலை எதற்குக் கொடுக்கிறோம்?

கேள்வி: எனக்கும் 2 வயது மகனுக்கும் கோடை வந்தாலே வேர்க்குரு. ஆன்லைனில் ஆர்கானிக் காட்டன் குழந்தை பனியன் ஒன்று 450 ரூபாய் போட்டிருக்கிறார்கள். லாங்கு பஜாரில் அதே அளவு பனியன் 90 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? அசலா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தைக்கிறவர்களை வதைக்காமல் செய்த துணியாக இருக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. பனியன், ஜட்டி, நைட்டி, லுங்கி என்று எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகி, காட்பாடி)

பதில்: முதலில் வேர்க்குருவைப் பேசிவிடலாம், சகோதரி. வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருவது அது. ஆர்கானிக் பருத்தி அதற்கு மருந்தில்லை. மெல்லிய, தளர்வான, காற்றோடும் பருத்தி எதுவானாலும் வேலூர் வெயிலுக்கு உதவும். இடுப்பிலும் கழுத்திலும் மட்டும் அரிப்பு, சிவப்புத் தடம் என்றால் எலாஸ்டிக், சாயம், அலசியும் போகாமல் நிற்கும் சோப்பு ஆகிய மூன்றையும் சந்தேகப்படுங்கள். குறையவே இல்லையென்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். "ஆர்கானிக் போட்டால் அலர்ஜியே வராது" என்று விற்கிறவர் பேச்சை நம்பி மட்டும் 450 ரூபாய் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? நிலத்துக்கு. 2002ல் பி.டி. பருத்திக்கு, அதாவது காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பருத்திக்கு, அனுமதி கிடைத்த பிறகு, நம் நாட்டுப் பருத்தி வயலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த விதைதான். ஆர்கானிக் என்றால் மரபணு மாற்றிய விதை கூடாது, ரசாயன உரம் கூடாது, செயற்கைப் பூச்சிமருந்து கூடாது. சாதாரண நிலத்தை அப்படி மாற்றிச் சான்று வாங்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த வருடங்களில் விளைச்சல் குறைந்தாலும் விவசாயி தாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்காவது அவரிடம் போக வேண்டும் என்பதுதான் இதன் நியாயம்.

ஆனால் அந்த நியாயம் துணியில் தெரியாது. பனியன் கம்பெனிகளில் துணி செக்கிங் பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: தொட்டுப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ எரித்துப் பார்த்தோ ஆர்கானிக்கைக் கண்டுபிடிக்க முடியாது. எரித்துப் பார்ப்பது வேறொன்றுக்குப் பயன்படும். உள் தையலோரத்தில் இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம் வரும். விரலில் தேய்த்தால் திருநீறு போலப் பொடியும். பாலியஸ்டர் சுருண்டு உருகும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், ஆறியதும் மிளகு போல் கறுத்த உருண்டையாக இறுகிவிடும். "காட்டன் ரிச்", "காட்டன் ஃபீல்" என்று எழுதியிருக்கும் நைட்டிகளில் இதைச் செய்து பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். "பாம்பூ காட்டன்" என்று வருவதும் பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் விஸ்கோஸ் இழைதான்.

துணியில் தெரியாதது லேபிளில்தான் தெரியும். ஆகவே லேபிளைப் படிக்கப் பழக வேண்டும். ஆர்கானிக் துணியில் முக்கியமாக இரண்டு சான்றுகளைப் பார்ப்பீர்கள். ஓ.சி.எஸ். (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட்) என்பது துணியில் எவ்வளவு ஆர்கானிக் பருத்தி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். சாயம் எப்படிப் போட்டார்கள், தைத்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அது பொறுப்பேற்காது. ஜி.ஓ.டி.எஸ். (குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட்) என்பது பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கு வந்தது முதல் நூற்பு, பின்னல், சாயம், தையல் வரை ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கும். அதிலும் இரண்டு தரம் உண்டு: "ஆர்கானிக்" என்று மட்டும் போட்டிருந்தால் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை, "மேட் வித் ஆர்கானிக்" என்றால் 70 சதவீதம் இருந்தாலே போதும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று ஒன்றையும் பார்ப்பீர்கள். தயாரான துணியில் கேடு தரும் பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதித்துத் தருவது அது. குழந்தைத் துணிக்கு அது நல்லதுதான், ஆனால் பருத்தி ஆர்கானிக்கா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

சாயத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கரையோரக் கிணறுகளையும் என்ன செய்தது என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் கேட்டால் சொல்வார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில்தான், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை 1996ல் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டம் என்று ஏற்றது. திருப்பூரில் நொய்யலுக்கு நேர்ந்ததும் அதே கதைதான். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணை விவசாயிகளுக்கே கேடாகிப்போனது. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு அங்கே நிஜமாக மாறத் தொடங்கினார்கள். பூச்சிமருந்து படாத பருத்தியை வாங்கி, அதற்குப் போட்ட சாயத்தை இன்னொரு ஊர் ஆற்றில் விட்டால் நமக்கு மனம் ஒப்புமா? அதனால்தான் ஓ.சி.எஸ். மட்டும் உள்ள அடர் நிற டி-ஷர்ட்டைவிட, சாயமே போடாத அரைவெள்ளைப் பனியனை நான் நல்லது என்பேன்.

இப்போது அசலா போலியா என்ற கேள்வி. பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை வரைந்திருக்கும், அதுதான் ஜி.ஓ.டி.எஸ். சின்னம். சின்னம் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். பக்கத்திலேயே இழைத் தரம், சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்தின் தேடலில் போட்டால் கம்பெனி பெயர் வரும். வந்த பெயரும் நீங்கள் வாங்கும் பொருளும் பொருந்துகிறதா என்று பாருங்கள். "ஜி.ஓ.டி.எஸ். நூலில் செய்தது" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நூல் வரைக்கும் சான்று வாங்கிவிட்டு, சாயமும் தையலும் சான்றில்லாத இடத்தில் செய்தால் அப்படிச் சொல்லி விற்கவே அந்த விதி அனுமதிப்பதில்லை. சான்றிலும் தப்பு நடந்திருக்கிறது: இந்தியாவில் 20,000 டன் பஞ்சுக்குப் போலிச் சான்று தயாரித்ததை 2020ல் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே வெளியிட்டு, 11 கம்பெனிகளைத் தடை செய்தது. ஆகவே எண்ணைச் சரிபார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளம். ஜி.ஓ.டி.எஸ். விதியில் குழந்தைத் தொழிலும் கொத்தடிமை முறையும் கூடாது, சங்கம் சேரும் உரிமை வேண்டும், பாதுகாப்பான இடம் வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. கொடுக்கும் கூலிக்கும் குடும்பம் கண்ணியமாக வாழத் தேவையான கூலிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கம்பெனி கணக்குப் போட வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த இடைவெளி அடைக்கப்பட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நம் மாநில நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கியது ஊரறிந்த விஷயம். அந்தப் பிள்ளைகள் நூற்ற நூலில் நாம் பனியன் போட்டிருப்போம். அதனால் வாங்கும் முன் அந்த பிராண்டுக்கு ஒரு மெயில் போடுங்கள்: நூல் எந்த மில், தையல் எந்த யூனிட், ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் வெளியே போய்வர அனுமதி உண்டா? யூனிட் பெயரைச் சொல்லிப் பதில் போடுகிறவர்களிடம் வாங்குங்கள். "நாங்கள் மனிதர்களை மதிக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, 1,500 ரூபாய்க்கு வருவோம். எல்லாவற்றையும் மாற்ற நினைக்காதீர்கள், இருப்பதைக் கிழியும் வரை போடுங்கள். முதல் மாதம் குழந்தைக்கு மூன்று பனியன், அவ்வளவுதான். சாயமில்லாதது, முன்புறம் படம் அச்சடிக்காதது, ஒரு அளவு பெரிது. அடுத்தடுத்த மாதங்களில் பெரியவர்களுக்கு ஜட்டி, உள்பனியன். இடுப்பு எலாஸ்டிக் துணிக்குள் மூடித் தைத்ததாக இருக்கட்டும். வெளி எலாஸ்டிக் வியர்வையில் உரசித் தடம் போடும். இழுபடும் இழையான ஸ்பான்டெக்ஸ் 5 சதவீதம் கலந்திருந்தால் பயப்பட வேண்டாம். நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் ஆர்கானிக் தேட வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல பருத்தித் துணி எடுத்துத் தெருவிலுள்ள டெய்லரிடம் தைத்துக்கொள்ளுங்கள், கூலி கண்ணெதிரே ஒருவர் கையில் போகும். 'ரிங்கிள் ஃப்ரீ' துணி மட்டும் வேண்டாம். கசங்காமல் இருக்கப் பூசும் ரெசின்களில் பல, தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடக்கூடியவை.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது உட்புறத்தைத் திருப்புங்கள். நான் முதலில் பார்ப்பது அக்குள், அங்கேதான் நான்கு தையல் கூடும். துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் நூல் இழுத்தால் தளர்ந்து வருகிறதா பாருங்கள். பிறகு தோள்பட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் சாய்ந்திருந்தால், அது நாலு துவைப்பில் இன்னும் முறுக்கிக்கொள்ளும். டி-ஷர்ட் என்றால் நம்மூர் வெயிலுக்கு 140 முதல் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும், கனமாக இருந்தால்தான் தரம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். நிறத் துணியில் ஈரக் கைக்குட்டையால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். அப்போதே சாயம் ஒட்டினால் குழந்தைக்கு எடுக்காதீர்கள்.

லுங்கிக்கு ஆன்லைன் போகவே வேண்டாம். லுங்கி நெய்யும் குடியாத்தம் பக்கத்தில் இருக்கிறது, குருவராஜப்பேட்டை இருக்கிறது. கைத்தறி முத்திரை கேட்டு வாங்குங்கள். கைத்தறி என்பதாலேயே பருத்தி ஆர்கானிக் ஆகிவிடாது, சாயமும் சாதாரணச் சாயமாகவே இருக்கலாம். ஆனால் நெய்தவர் வீட்டு அடுப்பு உங்கள் பணத்தில் எரிகிறது, மின்சாரம் இல்லாமல் ஓடும் தறி நிற்காமல் இருக்கிறது. கட்டிக் கட்டி அது மெலிந்த பிறகு தலையணை உறையாகும், கடைசியில் கைப்பிடித் துணியாகும். குழந்தைக்கு மெத்தென்ற துணி வேண்டுமென்றால் இன்னொரு வழியும் நம்மிடம் உண்டு. ஏணை கட்டவும் பிள்ளையைத் துடைக்கவும் பாட்டிகள் தாத்தாவின் பழைய வேட்டியைத்தான் எடுத்தார்கள். நூறு தடவை துவைத்த வேட்டியில் கஞ்சியும் இருக்காது, பூச்சும் இருக்காது. இரண்டு ஜப்லா அதிலேயே தைத்துவிடலாம்.

துவைப்பதில் ஒன்று. உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கட்டி சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்து இழையிலேயே படிந்துவிடும். வெள்ளைப் பனியன் சாம்பல் நிறமாகி மொடமொடப்பாவது அதனால்தான், குழந்தையின் அரிப்புக்கும் அது காரணமாக இருக்கலாம். திரவ டிடர்ஜென்ட்டைக் குறைவாகப் போட்டு, கடைசி அலசலை மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு பக்கெட்டில் செய்யுங்கள். புதிதாக எதையும் வாங்கும் முன் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள்.