எழுத்தாளர் அமைப்பில் சமவாய்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அமைப்பு ஆண்டுதோறும் எழுத்தாளர்களுக்கு நல்கை (நிதியுதவி) தருகிறது. பெயரை மறைத்துத்தான் படைப்புகளை நடுவர்களிடம் கொடுக்கிறோம். அப்படியும் ஒரே வட்டத்து ஆட்களே தேர்வாகிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: பெயர் உண்மையிலேயே மறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் பக்கத்தில் அழித்தால் போதாது. கோப்பின் பெயரில், பக்கத்தின் தலைப்பு வரியில், வேர்டு கோப்பின் பண்புகள் பகுதியில் எல்லாம் அது ஒட்டிக்கொண்டிருக்கும். தன்குறிப்பும் நன்றியுரையும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்கள் 1970களில் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பரவலாக்கின. காலடி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று சில குழுக்கள் தரையில் கம்பளமும் விரித்தன. அந்த அளவு கவனம் வேண்டும்.

ஆனால் திரை, வந்தவர்களுக்குள்தான் நியாயம் செய்யும். வராதவர்களைக் கண்டுபிடிக்க நான்கு எண்ணிக்கைகளை எடுங்கள்: படிவம் வாங்கியவர்கள், நிரப்பி அனுப்பியவர்கள், குறும்பட்டியலில் வந்தவர்கள், தேர்வானவர்கள். பாலினம், உடல் குறைபாடு, முதல்முறை விண்ணப்பமா என்பதைத் தனித்தாளில், விருப்பமிருந்தால் மட்டும் கேளுங்கள். அந்தத் தாள் நடுவர் கைக்குப் போகவே கூடாது. படிவம் வாங்கியவர்களில் பலர் அனுப்பவில்லையென்றால் குற்றவாளி படிவம்தான்: நுழைவுக் கட்டணம், இரண்டு பரிந்துரைக் கடிதம், நீண்ட திட்ட அறிக்கை. பரிந்துரைக் கடிதம் கேட்டாலே ஏற்கெனவே ஆள் தெரிந்தவர்தான் வருவார்; அதை எடுத்துவிடுங்கள். சிறிய அமைப்பில் ஓராண்டுக் கணக்கு எதையும் சொல்லாது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

குறும்பட்டியலில்தான் சரிவென்றால், முதல்நிலை வாசிப்பைப் பாருங்கள். பெரும்பாலான படைப்புகள் நடுவரைப் பார்க்காமலேயே அங்கே நின்றுபோகின்றன. ஒவ்வொரு படைப்பையும் இருவர் தனித்தனியே படித்து, பேசிக்கொள்வதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். இருவருக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் படிக்கட்டும். படைப்புகளின் கட்டை இருவருக்கும் ஒரே வரிசையில் அடுக்கிக் கொடுக்காதீர்கள். அடியில் இருப்பது எப்போதும் களைத்த கண்ணுக்குத்தான் போகும்.

கேள்வி: பயணச் செலவைப் பிறகு திருப்பித் தருகிறோம் என்று சொல்லியும் சிலர் பயிலரங்குக்கு வர மறுக்கிறார்களே?

பதில்: பிறகு தருவதுதான் சிக்கல். டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லாதவர் அதை வெளியே சொல்வதில்லை. வேறு வேலை இருக்கிறது என்பார். நீங்களும் ஆர்வமில்லை என்று குறித்துக்கொள்வீர்கள். டிக்கெட்டை அமைப்பே எடுத்துக் கொடுக்கட்டும், கைச்செலவுக்கு முன்பணம் கொடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் பயணச் செலவோடு சேர்த்துவிடுங்கள், தனியாகக் கேட்க வைக்காதீர்கள். பேச வருபவர்களுக்கான சன்மானத்தை அறிவிப்பிலேயே போடுங்கள். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று என்பது அதோடு ஒழியும்.

கேள்வி: நிர்வாகக் குழுவில் ஓர் இளம் எழுத்தாளரைச் சேர்த்தோம். சில மாதங்களிலேயே விலகிவிட்டார்.

பதில்: ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் தன் தரப்பு முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். குறைந்தது இருவரைச் சேர்த்திருக்க வேண்டும். வரவுசெலவுத் தாளைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவரை நியமியுங்கள். கூட்டத்தில் புதியவர்கள் முதலில் பேசட்டும்; மூத்தவர் வாய் திறந்த பிறகு மறுத்துப் பேசுவது யாருக்கும் கடினம். எல்லாருக்கும் மூன்றாண்டுப் பதவிக்காலம் வைத்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் விலகும்படி விதியை எழுதுங்கள். நிறுவியவர்களுக்கும் அது பொருந்த வேண்டும், இல்லையென்றால் அந்த விதிக்கு மதிப்பில்லை.

கேள்வி: பார்வையற்றவர்கள் விண்ணப்பிக்க என்ன செய்யலாம்?

பதில்: படிவத்தை ஸ்கேன் செய்து படமாகப் போடாதீர்கள், திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள்) அதைப் பெரும்பாலும் சரியாகப் படிக்காது. தட்டச்சு செய்த எழுத்தாகவே கொடுங்கள். விடைகளைக் குரல்பதிவாக அனுப்பவும் அனுமதியுங்கள். பதிவை வேறொருவர் எழுத்தாக்கி நடுவரிடம் தரட்டும், அப்போது நடுவரால் குரலை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது.